உபயம்: அ. வீரணன்

ராஜபாளையம்
26.4.1992, ஞாயிறு

அன்பு மகன் பால்ச்சாமிக்கு அம்மா சுந்தரம்மாள் எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு, நடமாட்டத்தோடு நன்றாகவே இருக்கிறேன். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நம் வீட்டுக் கடிதத்தில் எப்போதும் முதல் வரியில் வருகிற 'நலம்' என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, ஏன் என்பது போகப்போகத் தெரியும். உன் கடிதம் மூன்றும் வந்தன. மூன்றிலும் நாற்காலி முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டிருக்கிறாய். முதல் இரண்டுக்கும் உன் அக்கா செல்லத்தாயை விட்டு, வேலை நடக்கிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லிச் சமாளித்தேன். இப்போது நானே எழுதுகிறேன். நாற்காலி முடிந்துவிட்டது. ஆனால் நீ படம் அனுப்பிய நாற்காலி இல்லை, நீ எழுதச் சொன்ன எழுத்து அதில் இல்லை, அது நம் வீட்டிலும் இல்லை. இதைப் படித்ததும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அப்பாவின் கோபம்தானே உனக்கும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

முதலில் வீட்டு விஷயம், இல்லாவிட்டால் மறந்துபோகும். செல்லத்தாயின் சின்னவள் தவழ ஆரம்பித்துவிட்டாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இப்போது ஒரு சாமானும் தரையில் இருப்பதில்லை. பெரியப்பாவுக்குப் போன மாதம் கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொல்லிப் பத்து நாளாகிறது, இவர் கழற்றவில்லை, போலீஸில் ஏட்டாக இருந்தபோதுகூட இத்தனை பந்தா பண்ணியதில்லை. சப்பட்டை மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் இனிப்பு ஏறவில்லை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மாள், தெலுங்கில் பேசிக்கொண்டே இருந்து சண்டைக்கு மட்டும் தமிழுக்கு வருவார்களே, அவர்கள் வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. தனியாக இருக்கிறீர்களே, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உன் கல்யாணப் பேச்சையும் இரண்டு பேர் எடுத்தார்கள், பிள்ளை ஊருக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி நாற்காலி. தை மாதம் நீ அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டு நானும் பெரியப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அக்கா வீட்டுக்குப் பின் சந்தில் ஐயாதுரை ஆசாரி என்று ஒருவர், கோயில் வாகனம், சப்பரம் எல்லாம் செதுக்குகிறவர், சுத்தமான கை. படத்தை வெகுநேரம் பார்த்தார். கைப்பிடி இரண்டிலும் சிங்கம், முதுகுக்கு மேலே கிரீடம், எந்த ஷேக் வீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தாயோ தெரியவில்லை. செஞ்சிரலாம், ஆளு எம்புட்டு உசரம், எம்புட்டுப் பருமன் என்று கேட்டார். ஆள் காலமாகிவிட்டார், அவர் ஞாபகமாகப் போட்டோவுக்குக் கீழே போட்டுவைக்கத்தான், யாரும் அதில் உட்காரப் போவதில்லை என்று பெரியப்பா விளக்கினார். அதற்கு அவர், சும்மா போட்டு வைக்கிறதுன்னாலும் ஒரு ஆள் அளவு வேணும் ஏட்டையா, அளவு இல்லாம நான் எங்கன உளிய வைக்க என்றார். உடனே பெரியப்பா, எந்தம்பியும் நானும் ஒரே அச்சு, என்னைய அளந்துக்கோ என்று சொல்லி அங்கே கிடந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, ஸ்டேஷனுக்குப் பெரிய அதிகாரி வந்தது போல ஓர் உட்காரல். ஆசாரி நூலை எடுத்து அவர் முதுகில் வைத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அவிய அப்படி உக்காரமாட்டாவ, அவியளால அப்படி உக்கார முடியாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பொறவு எப்படி உக்காருவாக என்று ஆசாரி திரும்பிக் கேட்டார். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றை முன்னால் இழுத்துப் போட்டு, அதன்மேல் கட்டைகளை அடுக்கி, இரண்டு முழங்கையையும் ஊன்றித் தலையைக் கவிழ்த்துக் காட்டினேன். ஆசாரிக்குப் புரிந்துவிட்டது. இளைப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உனக்கு இது புதிதாக இருக்கும் பால்ச்சாமி. அப்பாவுக்கு லேசாக இளைப்பு உண்டு, பனிக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். நீ மஸ்கட்டுக்குப் போன ஆறாம் மாதமே அது முற்றிவிட்டது. மில்லில் பஞ்சு உதறுகிற ப்ளோ ரூமில் இருபத்தாறு வருஷம் நின்றவர், உள்ளே போன தூசி சும்மா இருக்குமா. வயசாச்சு, ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்று உனக்கு எழுதினாரே, ஓய்வு எடுக்கவில்லை, பத்தடி நடந்தால் நிற்க வேண்டியிருந்தது, அதனால்தான் வேலையை விட்டார். இரண்டரை வருஷம் அவர் பாயில் படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். பின்னால் சாய்ந்தாலும் அடைக்கும். நம் வீட்டு இரும்பு மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குதிரைமேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு, முதுகு சாய்கிற கம்பியின் மேல் தலையணையைக் கட்டி, அதில் கையையும் தலையையும் வைத்துக் கவிழ்ந்திருப்பார். இருப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் அதில்தான். உனக்குக் கடிதம் எழுதியதும் அதில்தான். பலகையை மடியில் வைத்துக்கொள்வார், ஒரு வரி எழுதுவார், பேனாவை மூடிவிட்டு மூச்சு வாங்குவார், அடுத்த வரி எழுதுவார். நலம், இங்கு அனைவரும் நலம் என்று தொடங்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். நான் ஒருநாள் பொறுக்கமுடியாமல், இதைப் பிள்ளைக்கு எழுதினால் என்ன என்று கேட்டேன். அவன் ஒத்தையில கிடக்கான், தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடி வருவான், கான்ட்ராக்டு முடியட்டும், நீ கீழ ரெண்டு வரி எழுதுறப்ப வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு என்றார். நானும் சும்மா இருந்தேன்.

தூக்கத்தில் போய்விட்டார் என்று தந்தி கொடுத்தோமே, அதுவும் பாதி உண்மைதான். ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் பெய்து, அவருக்கு இழுப்பு அதிகமாக இருந்தது. அஞ்சாம் நாள் காலையில் மழை வெறித்தது. டாக்டரிடம் ஊசி போட்டுக் கூட்டிவந்தேன். பத்து மணிக்கு நாற்காலியில் கவிழ்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டார், இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா, கண் அசந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரேடியோவை நிறுத்தினேன். அம்மியில் அரைத்தால் எழுந்துவிடுவார் என்று அன்றைக்குத் துவையல்கூட அரைக்கவில்லை. ராஜு வீட்டம்மாள் வந்து கூப்பிட்டபோது வாசலிலேயே போய்க் கையைக் காட்டி, சத்தம் போடாதீங்க, அவிய தூங்குதாக என்றேன். சோறு வடித்துவிட்டு ஒரு மணிக்குப் போய்த் தோளைத் தொட்டேன். எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் அடுத்த அறையில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. இதை நான் செல்லத்தாயிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டும். போன வருஷம் ஆடியில் கொஞ்சம் நன்றாக இருந்த ஒருநாள் அப்பா, ஊர்ல இருக்கிற நாற்காலியெல்லாம் பின்னாடி சாயத்தான் செஞ்சிருக்கான், எனக்கு முன்னாடி சாய ஒண்ணு வேணும் சுந்தரம், நெஞ்சுக்கு நேரா கை வைக்க ஒரு பலகை, பிடிச்சுக்கிட ஒரு கம்பு, காலு தொங்காம ஒரு கட்டை, அம்புட்டுத்தான் என்று சொன்னார். அந்த இரும்பு நாற்காலிக் கம்பி அவர் நெஞ்சில் அழுத்தும், காலை அகட்டி உட்கார்ந்து தொடை மரத்துப்போகும், அதற்காகக் கேட்டார். செய்யச் சொல்கிறேன் என்றேன். ஆவணியில் செல்லத்தாய்க்குப் பிரசவம். புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல். அடுத்து அவர் கேட்டபோது தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அவர் இல்லை. அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான், அதை நான் தள்ளிப்போட்டேன். அதனால்தான் ஆசாரியின் முன்னால் அப்படிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். கிரீடம் வைத்த நாற்காலியை அவர் போட்டோவுக்குக் கீழே போட்டுவிட்டு அதன் முன்னால் என்னால் இருக்க முடியாது. அவர் கேட்ட நாற்காலியைத்தான் செய்ய வேண்டும், நாள் கடந்துபோனாலும் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன். பெரியப்பா, பிள்ளை படம் அனுப்பியிருக்கான், நீ என்னமோ சொல்லுத என்று முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

நல்ல மரத்தில் உளி வைப்பதற்கு முன்னால் ஆசாரி கள்ளிப்பெட்டிப் பலகையை அடித்து ஒரு மாதிரி செய்தார். அளவுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது என் கைச் சாண் கணக்கைத்தான் கொடுத்தேன். அப்பாவுக்குத் தினமும் தலையணை கட்டிக் கட்டி எனக்கு மனப்பாடம், உட்கார்ந்த இடத்திலிருந்து முழங்கை ஊன்ற ஒன்றரைச் சாண், நெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல். ஆசாரி தன் சாணால் ஒன்றரை வைத்துவிட்டார். அவர் கை எவ்வளவு பெரிது, என் கை எவ்வளவு, தோள் இரண்டும் காதுக்குப் போய்விட்டது. அடுத்தமுறை பயந்துகொண்டு ரொம்பத் தாழ்த்திவிட்டார், கழுத்து மடங்கியது. சும்மா உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, மூச்சு வாங்கும்போது உட்கார்ந்தால்தான் குறை தெரியும். பெரியப்பாவைச் சந்து முனைவரை ஓடிவரச் சொன்னேன், நான் ஏட்டா இருந்தவன், தெருவுல ஓட்டம் காட்டச் சொல்லுதியா என்று மறுத்துவிட்டார். சரியென்று நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முனைக்கும் பட்டறைக்கும் நாலு நடை ஓடினேன். செல்லத்தாயின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஓடிவந்து, வாங்குகிற மூச்சோடு கவிழ்ந்து பார்த்து, இன்னும் ஒரு விரல் ஏத்துங்க, அரை விரல் இறக்குங்க என்று சொல்லச் சொல்ல ஆசாரி பென்சிலால் குறித்தார். மூன்று வாரத்தில் இப்படி எத்தனை முறை ஓடியிருப்பேனோ, உன் அக்காவுக்கு அந்தத் தெருவில் தலைகாட்ட முடியவில்லையாம்.

மரம் செங்கோட்டைத் தேக்கு, நீ சொன்னபடிதான், அதில் குறை வைக்கவில்லை. முன்னால் இருக்கிற பலகைக்கு ஒரு பக்கம் கீல், தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளலாம். சிங்கம் வேண்டாம் என்று சொன்னபோதுதான் ஆசாரியின் முகம் சுண்டிவிட்டது. செதுக்கு வேலையே இல்லைன்னா என்னைய எதுக்குத் தேடி வந்தீக, பெட்டி அடிக்கிற ஆளு போதுமே என்றார். சிங்கத்தின் பிடரியில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் தூசி உட்காரும், தூசி பட்டால் இளைப்புக்காரன் கதி என்ன என்று கேட்டேன். மறுநாள் போனபோது, கன்னம் எங்கன படும் என்று கேட்டார். பலகையில் தலையைப் பக்கவாட்டில் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் வளைந்த உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, இந்தக் கன்னம் வைத்தாலும் அந்தக் கன்னம் வைத்தாலும் இருக்கும்படி ஒரு குழிவு எடுத்தார். நாலு நாள் அது ஒன்றே வேலை. காது அழுத்துது என்பேன், ஒரு சீவல் எடுப்பார், தாடை எலும்பு தட்டுது என்பேன், இன்னொரு சீவல். பிடிக்கிற கம்பில் விரலுக்கு ஒரு பள்ளம் என்று எட்டு விரலுக்கும் செதுக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் வாடை ஆகாது என்று நான் சொன்னதால் மெழுகு மட்டும் பூசினார். சாமிக்கு வாகனம் செய்யிறப்ப, எனக்கு இங்கன இடிக்குதுன்னு எந்தச் சாமியும் சொன்னதில்ல, நீங்கதான் சொல்லுதீக என்று சிரித்தார். ஒரு பூ, ஒரு கொடி கிடையாது, ஆனாலும் அவர் செய்த வேலையிலேயே இதுதான் பெரிய செதுக்கு வேலை என்று அவரே சொன்னார்.

கடைசியில் எழுத்து. எங்கள் தந்தை அ. வீரணன் நினைவாக, மகன் பால்ச்சாமி, மஸ்கட் என்று நீ எழுதியதை அப்படியே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் ஆசாரியிடம் ஓர் அம்மன் கோயில் சப்பரமும் இருந்திருக்கிறது, பங்குனிப் பொங்கலுக்கு முடிக்க வேண்டும், அதில் கொடையாளிகள் பேர் மட்டும் முப்பதுக்கு மேல். காலையிலிருந்து உபயம், உபயம் என்று செதுக்கிய கையோடு சாயந்தரம் நம் பலகையை எடுத்திருக்கிறார். நானும் பெரியப்பாவும் போய்ப் பார்த்தால், பலகையின் முன்பக்கத்தில் அச்சடித்த மாதிரி அழகாக உபயம்: அ. வீரணன், ராஜபாளையம் என்று இருக்கிறது. நினைவாக என்பதும் இல்லை, உன் பேரும் இல்லை. கையி தன்னால உபயம்னு விழுந்திருச்சு, பேரை வெட்டி ஊரையும் வெட்டின பொறவுதான் சீட்டையே பார்த்தேன் என்று ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பெரியப்பா குதித்தார். ஏலே, செத்தவன் எப்படிலே உபயம் குடுப்பான், இதைப் படிக்கிறவன் எந்தம்பி உசுரோட இருக்கான்னுல்ல நினைப்பான் என்றார். எனக்கும் ஆத்திரம்தான், இத்தனை நாள் ஓடி ஓடி அளந்து கொடுத்துக் கடைசியில் பேரை இப்படியா வைப்பது என்று. வியாழக்கிழமைக்குள் அந்த எழுத்தை இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டித் தருவதாக ஆசாரி ஒத்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் போனோம். மெழுகு இறங்குவதற்காக நாற்காலியைப் பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆசாரி இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தார். பெரியப்பா வாயைத் திறப்பதற்குள், செத்த நேரம் பொறுங்க ஏட்டையா, இப்பத்தான் கண்ணசந்தா என்று கையைக் காட்டினார். அவள் பேர் பெத்தம்மாளாம், பால்கோவா போடுகிற இடத்தில் பாத்திரம் தேய்க்கிறவள், அடுப்புப் புகையிலேயே இருபது வருஷம் இருந்தவள். வேலை முடிந்து போகிற வழியில் இளைப்பு வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நாற்காலியைப் பார்த்து, எழுத்தைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டாள். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு முதலில் வயிறு எரிந்தது. அவர் கேட்டு, அவருக்குக் கிடைக்காமல் போன இடத்தில் யாரோ ஒருத்தி முதலில் தலையை வைத்துவிட்டாளே, எச்சில் வேறு வழிந்திருக்கிறதே என்று இருந்தது. எழுப்பத்தான் கிட்டே போனேன். அவள் அசையவில்லை. சத்தமும் இல்லை. தொட என்னால் முடியவில்லை. முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் முதுகு மேலே ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுகிறவரை, ஒரு மணி நேரம் இருக்கும், அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எழுந்ததும் எங்களைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். உபயம்னு போட்டிருந்துச்சு தாயி, எல்லாருக்கும்தான்னு நெனச்சு உக்காந்துட்டேன் என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஒரு வார்த்தையின் உருவம் தெரியும், கோயில் பெஞ்சிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பார்த்துப் பார்த்துப் பழகியது, அந்த எழுத்து இருந்தால் யாரும் விரட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு பலகையைத் தடவிக்கொண்டே, உபயம் பண்ணுன மகராசன் யாரு, இப்படி இருந்தாத்தான் மூச்சு வரும்னு அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு என்று கேட்டாள். நான் சொன்னேன். இரும்பு நாற்காலி, தலையணை, தீபாவளி முடியட்டும் என்று நான் சொன்னது, ஒரு மணிக்குத் தோளைத் தொட்டது, எல்லாவற்றையும் அந்தத் தெருவில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லி அழுதேன். உன்னிடமும் செல்லத்தாயிடமும் அழ முடியாததை அவளிடம் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி வந்து, எழுத்தை இழைச்சிரட்டுமா தாயி என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நாற்காலி அப்பா வாய்விட்டுச் சொன்ன நாற்காலி, எங்கே பலகை, எங்கே கம்பு என்று அவர்தான் சொன்னார், நானும் ஆசாரியும் அதைக் கேட்டுச் செய்தோம். உபயம் அவருடையதுதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெரியப்பா வழிநெடுக, பாலுவுக்கு நீயே பதில் சொல்லிக்கோ, என்னைய இழுக்காத என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் வேனில் ஏற்றும்போது ஒருத்தரையும் தொடவிடாமல் முன்கால் இரண்டையும் அவரேதான் பிடித்துக்கொண்டார். நேராக நம் யதிராஜன் டாக்டர் வீட்டுக்கு, அதாவது அவர் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே சுவரோரம் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அப்பா அதில் உட்கார முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டு, முறை வரும்வரை நிற்பார். டாக்டர் வெளியே வந்து பார்த்தார், பலகையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து கவிழ்ந்து பார்த்தார். எழுந்து, ஜன்னல் பக்கமாப் போடுங்க, காத்து வரும் என்று சொல்லிவிட்டு, கம்பவுண்டரைக் கூப்பிட்டு பெஞ்சை நகர்த்தச் சொன்னார். இரண்டு வாரமாக அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில் போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருகிறேன், குழிவில் மட்டும் கொஞ்சம் மெழுகு.

நாற்காலியைக் கொடுத்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் உன்னிடம் மறைத்ததற்குக் கேட்கிறேன். தெரிந்திருந்தால் நீ ஒருமுறையாவது வந்து அவரைப் பார்த்திருப்பாய், அவர் தோளைப் பிடித்துவிட்டிருப்பாய். அப்பா சொன்னார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன், அது பெரிய தப்பு. உன் பேர் அதில் இல்லை என்று உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். திட்ட வேண்டுமானால் திட்டி எழுது, படிக்கிறேன். ஒன்று மட்டும், இனிமேல் நீயும் நானும் நலம் என்று எழுதி முடித்துவிட வேண்டாம். இருமல் இருந்தால் இருமல் என்று எழுது, தூக்கம் வராவிட்டால் அதை எழுது. ஏசி குழாய்க்குள்ளே தூசி தட்டுகிற வேலை என்கிறாய், மூக்கில் ஈரத்துணி கட்டாமல் உள்ளே போகாதே, மேஸ்திரி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கும் இப்போது மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, நாலு மாதமாக இருக்கிறது, பார் எழுதிவிட்டேன்.

குலதெய்வம் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளோடு நல்ல மூச்சோடு இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். பெரியப்பாவும் அக்காவும் ஆசி சொல்லச் சொன்னார்கள். கார்த்திகையில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். வரும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்துவிடாதே, வழியில்தானே டாக்டர் கிளினிக், உள்ளே போய்ப் பார். அந்த நாற்காலியில் யாராவது கவிழ்ந்திருப்பார்கள், மழைக்காலத்தில் அது சும்மா இருக்காது. இது எங்கப்பா நாற்காலி என்று சொல்லி எழுப்பிவிடாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று அவர்கள் முதுகைப் பார். இரண்டரை வருஷம் உன் அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா
வீ. சுந்தரம்மாள்